ரோட்டாருக்கு வைத்த பொட்டு

ஒரு கையெழுத்துதானே தம்பி, அரை நிமிட வேலை. போட மாட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சான்றிதழைத் தட்டச்சு செய்து, முத்திரையும் வைத்து, இதோ இந்த இழுப்பறையில் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். பாருங்கள். 'திருமதி சௌடேஸ்வரி எங்கள் ஆய்வு நிலையத்தில் ஆறு ஆண்டுகள் பேலன்சிங் டெக்னீஷியனாகப் பணியாற்றினார்.' கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என் கையெழுத்து வர வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் ஓசூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் ஆய்வகத்தில் அவளை வேலைக்கு எடுக்கப் போகிறீர்கள். பழைய இடத்துச் சான்றிதழ் இல்லாமல் உங்கள் ஆபீசில் கோப்பு நகராது, இன்றைக்குத்தான் கடைசி நாள். புரிகிறது. அவளையும் கூட்டி வந்து வரவேற்பறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அதையும் எங்கள் அட்டெண்டர் சின்னராஜ் சொல்லிவிட்டான். இருக்கட்டும். முதலில் டீ குடியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் கேட்பது அதிகமா என்று.

அவள் வேலை பார்த்த மெஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் நிர்வாகப் பிரிவு. பரவாயில்லை, அறிவியல் தினத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ஈரத்துணியை வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றினால் தண்ணீர் வெளியே தெறிக்கிறது இல்லையா? அதே வேலைதான். ஆனால் எங்கள் மெஷின் நிமிடத்துக்கு ஐம்பதாயிரம் சுற்று. நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் எண்ணூறு தடவை சுற்றியிருக்கும். இரண்டு உலோகம் கலந்த ஒரு சின்னத் துண்டை உள்ளே வைத்து, சூடாக்கிக்கொண்டே நாள்கணக்கில் சுற்றுவோம். கனமான அணு வெளிப்பக்கமாக நகரும், லேசான அணு உள்பக்கம் தங்கும். ஒரே துண்டுக்கு ஒரு முனையில் ஒரு குணம், மறுமுனையில் இன்னொரு குணம் வந்துவிடும். புதுப்புதுப் பொருள்களைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி. இந்த மெஷினை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டாம், கோயமுத்தூரிலேயே செய்வோம் என்று எங்கள் தாளாளரிடம் சொன்னவன் நான்.

சுற்றுகிற உருளைக்கு ரோட்டார் என்று பெயர். இரண்டு கையாலும் தூக்கிவிடலாம். அதன் விளிம்பில் ஒரு கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஒரு கிராம். மெஷின் முழு வேகத்தில் போகும்போது அந்த ஒரு கிராம் இருநூற்று இருபது கிலோவாக இழுக்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதனால்தான் ரோட்டாரை எந்தப் பக்கமும் கனம் கூடாமல், மயிரிழை பிசகாமல் சமன் செய்ய வேண்டும். விளிம்பைச் சுற்றிலும் ஊசி போகிற அளவுக்குத் துளைகள் இருக்கும். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கத்துத் துளையைத் துளியூண்டு ஆழப்படுத்துவார்கள். அதுதான் அவள் வேலை.

நன்றாகச் செய்வாள். அதை நான் மறைக்கவே மாட்டேன். நான் நியாயமானவன். நெசவுக்காரக் குடும்பத்துப் பெண், ஐ.டி.ஐ. படிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின் சுவரில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். கருவி காட்டுவதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள், "சார், கீழ் பேரிங்குங்க" என்று. நான் அமெரிக்காக்காரர்களிடம்கூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இரண்டரை லட்சம் ரூபாய் சென்சாரும் அவள் காதும் ஒன்று என்பேன்.

அவளுக்கு ஒரு பழக்கம். சமன் செய்து முடித்துவிட்டால் ரோட்டார் மேல் ஒரு வெள்ளைத்துணி போட்டு மூடிவிடுவாள். அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டுகூடத் தொடக்கூடாது. நான் தொட்டாலும் முறைப்பாள். நான்கு வருடம் பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்றைக்கு முதல் தடவையாக முழு வேகம் ஓட்டிக்காட்டுவதாகத் தாளாளரிடம் சொல்லியிருந்தேன். நான்கு வருட உழைப்பு தம்பி. மெஷின் ஷாப்பைக் கழுவி, மாவிலை கட்டி, பொரிகடலை வைத்து, எல்லாம் தடபுடல். லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, ஸ்பானருக்குக்கூடப் பொட்டு. அவளும்தான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடியாடி வைத்தாள். சாமி இல்லை என்கிற ரகம் இல்லை. அவள் மேசையில் அம்மன் படம் இருக்கும், தினமும் பூ மாற்றுவாள்.

நான் ரோட்டார் பக்கம் போனேன். துணியை எடுத்தேன். ஓடி வந்துவிட்டாள்.

"சார், அதுக்கு வேண்டாங்க சார். நிக்கிறதுக்கெல்லாம் வெய்யுங்க. சுத்துறதுக்கு வேண்டாங்க."

"ஏம்மா, ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் பொட்டு. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இல்லையா?"

"ஒரு பொட்டு கால் கிராம் வருங்க சார். நீங்கதானே கணக்குச் சொன்னீங்க? அம்பத்தஞ்சு கிலோ இழுக்குமுங்க."

எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாற்பது பேர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்கப்பா, சாமி பொட்டைத் தராசுல போடுறா நம்ம ஈஸ்வரி!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "அம்பத்தஞ்சு கிலோன்னா உன் எடைதான் இருக்கும். நீயே ஏறி உக்காந்துக்கோ" என்றேன். இன்னும் சிரித்தார்கள். தமாஷுக்குத்தான் சொன்னேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு கிடையாது அவளுக்கு.

மூன்று பொட்டு வைத்தேன். பெரிய பொட்டு இல்லை. சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் வரும்போது அவள் எனக்கு முன்னாலேயே வந்து, ரோட்டாரைத் துடைத்து முடித்திருந்தாள். எப்போது வந்தாளோ. கையில் ஸ்பிரிட் பஞ்சு.

"துடைச்சுட்டனுங்க சார். ஆனா விளிம்புத் துளைக்குள்ள சந்தனம் போயிருக்குது. எத்தனை துளைன்னு தெரியல. ஒரு நாள் குடுங்க சார். சுத்தம் பண்ணி, மறுபடி சமன் பார்த்துக் குடுத்துடறேன்."

"தாளாளர் பத்தரைக்கு வர்றாரு."

"நாளைக்கு வரச் சொல்லுங்க சார்."

அப்படியே சொன்னாள் தம்பி. 'நாளைக்கு வரச் சொல்லுங்க.' யாரை? தாளாளரை! அவர் என்ன, எங்கள் வீட்டுப் பால்காரரா? "நேத்து சமன் பார்த்து நீ கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் இருக்கு இல்ல? அது போதும்" என்றேன். "அது பொட்டு வைக்கிறதுக்கு முந்திப் போட்டதுங்க சார்" என்றாள். "டாக்டர் பட்டம் வாங்கினது நீயா, நானா?" என்று கேட்டேன்.

பத்தரைக்குத் தாளாளர் வந்தார். தேங்காய் உடைத்தோம். மெஷின் தரைக்குக் கீழே குழியில் இருக்கும், சுற்றிலும் கனத்த இரும்புச் சுவர். நாங்கள் எல்லோரும் அடுத்த அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவளும் இந்தப் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும். நான் சொல்லியும் கேட்கவில்லை. "இன்னைக்குக் காதுலதான் பார்க்கணுங்க" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு குழியின் கதவுக்குப் போய்விட்டாள். இதை என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அனுமதி இல்லாத இடத்தில் நின்றாள் என்று. பொய்யா?

இருபதாயிரம் போனது. முப்பதாயிரம் போனது. தாளாளர் என் தோளில் கை வைத்தார். முப்பது வருடத்தில் அவர் யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. நாற்பத்தோராயிரம். அப்போது அவள் கதவுப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினாள். விரித்த கை. நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

பார்த்தேன், பார்த்தேன். பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பத்தோராயிரம் தம்பி. இன்னும் ஒன்பதாயிரம். தாளாளர் "என்ன, அந்தப் பொண்ணு டாட்டா காட்டுது?" என்று கேட்டார். நான், "சந்தோஷம் சார் அதுக்கு" என்றேன்.

நாற்பத்தாறாயிரத்தில் ரோட்டார் வெடித்துச் சிதறியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை. ஒரு போல்ட்டுகூடக் கழலவில்லை. அந்த இரும்புச் சுவரை வடிவமைத்தவன் நான். அந்த வடிவத்துக்குத்தான் பிற்பாடு எனக்கு விருது கிடைத்தது, அங்கே மாட்டியிருக்கிறது பாருங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாளாளரின் வேட்டியில் ஒரு சொட்டு டீகூடச் சிந்தவில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். ஒரு காது அன்றைக்கே போய்விட்டது. இன்னொன்று ஒரு வாரம் இரைந்துகொண்டே இருந்து, அதுவும் போனது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கடவுள் புண்ணியம்.

ஒன்பதாம் நாள் விசாரணை. தாளாளர் வெளியிலிருந்து மூன்று பேரை அழைத்திருந்தார், பெரியவர்கள், நல்லவர்கள். திட்டத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு இருந்தது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான்கு வருடம், பன்னிரண்டு பேர் வேலை, நாட்டுக்கே பயன்படுகிற மெஷின். தவறு மெஷினிலா, வடிவத்திலா, ஆளிடமா என்பதுதான் கேள்வி. ஆளிடம் என்றால் ஆளை மாற்றினால் போதும், மெஷின் பிழைத்துவிடும்.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் கமிட்டிக்குப் பின்னால், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பேச எனக்கு அனுமதி இல்லை, நான் பேசவும் இல்லை. அவள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் கேள்வி. பேலன்ஸ் ஷீட்டை நீட்டிக் காட்டி, "இதைச் செய்தது நீங்கள்தானே?" என்று கேட்டார்கள். காகிதத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். இரண்டாவது கேள்வி. கையெழுத்தில் விரலை வைத்து, "இது உங்கள் கையெழுத்தா?" அதற்கும் தலையாட்டினாள். மூன்றாவது கேள்விக்குக் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. நடுவில் இருந்தவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "சமன் செய்ததில் தவறு இருந்ததா?"

அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள், வேறு யாரைப் பார்ப்பாள்? நான் தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள்.

அவளுக்குக் காது கேட்காதது கமிட்டிக்குத் தெரியுமா என்றா? தெரியாது. அவள் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. எனக்கா? எனக்குத் தெரியும். காது டாக்டர் சீட்டை என்னிடம்தானே கொடுத்தார். கமிட்டி என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன அதிகப்பிரசங்கியா?

அவள் வேலை போனது. திட்டம் பிழைத்தது. இரண்டாவது மெஷின் செய்தோம், போன வருடம் ஐம்பதாயிரத்தில் எழுபது மணி நேரம் ஓடியது. போகும்போது உங்களுக்குக் காட்டச் சொல்கிறேன். வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன், 'சுழலும் பாகங்களில் சந்தனம், குங்குமம் வைக்கக்கூடாது' என்று. கீழே என் பெயர். மற்ற ஆய்வகங்களிலிருந்துகூட வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் தம்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை முடிகிறவரை எனக்கு அவள் மேல் எந்த வருத்தமும் கிடையாது. விசாரணைக் குறிப்பின் நகல் ஒன்று தபாலில் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். ஆபீஸ் முழுக்க ஆள். அங்கேயே ஆரம்பித்தாள் பாருங்கள், தொண்டை கிழிய:

"சார்! இந்த மூணாவது கேள்விய எப்பங்க சார் கேட்டாங்க? தப்பு இருந்துச்சான்னா கேட்டாங்க? நீங்க தலையாட்டுனீங்களே சார்! எதுக்குங்க சார் ஆட்டுனீங்க?"

கத்தினாள் தம்பி. என்னைப் பார்த்து. மாடியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். "மெதுவாப் பேசு" என்றேன். மறுபடியும் அதே கத்தல். "மெதுவாப் பேசு ஈஸ்வரி" என்று மூன்று தடவை சொன்னேன், இத்தனைக்கும் தன்மையாகத்தான் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் சின்னராஜ்தான் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

முப்பது வருட சர்வீசில் என்னிடம் யாரும் குரலை உயர்த்தியது இல்லை. என் மனைவி உயர்த்தியது இல்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் அந்தச் சான்றிதழ் இங்கே இருக்கிறது. ஒரு மன்னிப்பு. அந்த விபத்துக்காக இல்லை, அதை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். சத்தம் போட்டாளே, அதற்கு. பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டதற்குப் பத்துப் பேர் முன்னால் ஒரு வார்த்தை. மூன்று வருடமாகச் சொல்லி அனுப்புகிறேன். வர மாட்டேன் என்கிறாள். அதற்குப் பதில் நான்கு கம்பெனி வாசலில் போய்ச் சான்றிதழ் இல்லாமல் நின்றிருக்கிறாள். இப்போது ஏதோ துணிக்கடையில் பில்லுக்கு முத்திரை குத்துகிறாளாம். கேள்விப்பட்டபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்தக் கைக்கு முத்திரை குத்துகிற வேலையா?

என்ன சொல்கிறீர்கள்? உங்கள் ஆய்வகத்தில் சோதனை வைத்தீர்களா? விரல் நுனியை மெஷின் சட்டத்தில் வைத்தே எந்தப் பக்கம் கனம் என்று சொன்னாளா? சொல்வாள், சொல்வாள். எல்லாம் இங்கே கற்றுக்கொண்டதுதானே. அதையும் உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள், பயிற்சி கொடுத்தது யார் என்று.

இல்லை தம்பி, நீங்கள் மன்னிப்புக் கேட்டால் ஆகாது. நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள்? சின்னராஜ்! அந்தப் பொண்ணை உள்ளே வரச் சொல். கதவைத் திறந்தே வை. ஆபீசில் யார் யார் இருக்கிறார்கள்? அப்படியே எழுந்து வாசல் பக்கம் நிற்கச் சொல். அவர்களுக்கும் ஒரு மனநிறைவு வேண்டாமா?

வா ஈஸ்வரி, வா. இளைத்துவிட்டாயே. இப்படித்தான் தம்பி, வாயையே பார்ப்பாள். பெரியவர்கள் முகத்தை இப்படி உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. சரி, காகிதத்தில் எழுதியே காட்டுகிறேன். 'அன்று சத்தம் போட்டதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.' இந்தா, படி. இதோ பேனா. மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். நான் தயாராக இருக்கிறேன்.

படிக்கிறாள். எவ்வளவு நேரம் படிக்கிறாள் பாருங்கள், இரண்டு வரியை.

உங்களை எதற்குப் பார்க்கிறாள்? நீங்கள் ஏன் தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறீர்கள்? ஆட்டாதீர்கள் தம்பி. இது உங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது. சான்றிதழ் இல்லாவிட்டாலும் உங்கள் ஆபீசில் எடுத்துக்கொள்வார்களா? மாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு எதற்கு வீண் தைரியம் கொடுக்கிறீர்கள்? பாருங்கள், அவளுக்கே தெரிகிறது. முகத்தை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

அது என்ன, கழுத்தில் இரண்டு விரலை அழுத்திக்கொண்டு நிற்கிறாள்? தாலியைத் தொட்டுக் காட்டுகிறாளா? அதெல்லாம் வேண்டாம்மா, நான் அழவைக்கிறவன் இல்லை. ஓ, அப்படியா? குரல் எவ்வளவு வருகிறது என்று தொண்டையில் விரல் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாளா? சத்தம் கூடிவிடக்கூடாது என்றா? பரவாயில்லையே. கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வாய் அசைகிறது. சொல்லிவிட்டாளா?

சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்குமா? எனக்கே கேட்கவில்லையே.

அவளிடம் எழுதிக் காட்டுங்கள் தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லட்டும்.